பதினேழாம் பக்கம்

பூவராகனுக்கு முன்னால் பத்தொன்பது பேர் நின்றார்கள். சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு ஐம்பது. இரண்டு மணிக்கு இந்த ரயில் முன்பதிவுக் கவுண்டரில் ஆள் மாறுவார்கள் என்று வாசலில் விசாரித்துக்கொண்டுதான் உள்ளே வந்திருந்தார். ஆளுக்கு நாலு நிமிடம் என்றாலும் எழுபத்தாறு நிமிடம், அப்படியானால் அவர் முறை வரும்போது மணி இரண்டு ஆறு, அந்த ஆறு நிமிடத்தில் டிக்கெட் போடும் அமலோற்பவம் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போயிருப்பாள், அவள் நாற்காலியில் வேறு யாரோ ஒரு மனிதர் உட்கார்ந்து எங்க சார் போகணும் என்பார், எங்கே போவது, வந்த வழியே திருச்சிக்குத்தான். நாளைக்கு வரலாமே என்று மனசு உடனே சாக்குச் சொன்னது. அந்தச் சாக்கை அவருக்கு நன்றாகத் தெரியும். போன வாரமும் இதே திண்டுக்கல்லுக்கு வந்து, பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஒரு டீ குடித்து, நாளைக்கு வரலாம் என்று அடுத்த பஸ்ஸிலேயே திரும்பியவர்தான் அவர். இருபத்திரண்டு வருடம் ஒரு வாரப் பத்திரிகையில் ‘வரப்பெற்றோம்’ பகுதி எழுதி, வருகிற புத்தகத்துக்கெல்லாம் ஆளுக்கு இரண்டு வரி என்று அளந்து போட்ட மனிதருக்கு, ஒரு பெண்பிள்ளை முன்னால் போய் இரண்டு வார்த்தை சொல்லத் துணிச்சல் வர இத்தனை நாள் பிடித்திருக்கிறது. இன்று விட்டால் இனி இல்லை. வாசலில் எடுத்த முன்பதிவுப் படிவத்தைச் சட்டைப் பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டார், இருந்தது.

வீட்டில் போய்ப் பார்க்கலாம்தான். ஆனால் வீட்டுக்குக் கதவு இருக்கிறது, அவள் பாட்டுக்குச் சாத்திவிட்டால் என்ன செய்வது. இங்கே அப்படி முடியாது, வரிசையில் வந்து நிற்பவனுக்கு அவள் பதில் சொல்லியே ஆகவேண்டும். இது அவர் யோசனை இல்லை, மனைவி செண்பகவல்லியின் யோசனை. “அந்தம்மா புக்கு மட்டும் உங்க மேசைல மூணு மாசம் வரிசைல நிக்கலையா? நீங்க ஒரு மணி நேரம் நின்னா கால் ஒடிஞ்சிராது. ரெண்டு வரி எழுதத் தெரிஞ்ச மனுசனுக்கு ரெண்டு வார்த்தை பேசத் தெரியாதா?” என்று காலையில் இட்லியை வைத்துக்கொண்டே சொன்னாள். பேசத் தெரியாதுதான் செண்பகம், பேசத் தெரிந்திருந்தால் எதற்கு எழுத வந்தேன். பத்தொன்பது பதினெட்டாகியிருந்தது. கூடத்தில் மூன்று கவுண்டர், இரண்டில் பலகை, ஒன்றில் அவள். மூக்குக் கண்ணாடிக்குச் சங்கிலி போட்டுக் கழுத்தில் மாட்டியிருந்தாள், இறுக்கிப் போட்ட கொண்டை, ஐம்பதைத் தாண்டிய முகம், தலை நிமிராமலே விரல்கள் தட்டச்சுப் பலகையில் ஓடின. இவளா? இவள்தான். பின்னட்டையில் புகைப்படம் இல்லாத புத்தகம் அது, ‘ரயில்வேயில் பணிபுரிகிறார்’ என்று ஒரு வரி மட்டும்தான். என்ன வயது, என்ன முகம், யார் இந்த மனுஷி என்று தலையைப் பிய்த்துக்கொண்டு கிடந்த ஒரு மாதமும் இப்போது அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் மெரூன் நிறச் சேலையில் உட்கார்ந்திருந்தது. அவருக்குப் பயம் பாதி, மீதி சந்தோஷம்.

சந்தோஷம் என்றால் சாதாரண சந்தோஷமா. ஒரு புத்தகத்தைக் கண்டுபிடிப்பவனுக்கு வருகிற சந்தோஷம் வேறு எவனுக்கும் வராது, அதை யாரிடமும் சொல்லவும் முடியாது, சொன்னால் ஓஹோ என்பார்கள். அது நடந்தது ஒரு கல்யாணத்தில், தெருக்கோடி மளிகைக்காரர் மகள் கல்யாணம். தாம்பூலப் பையில் தேங்காய், வெற்றிலை பாக்கு, அதற்கடியில் ஒரு புத்தகம். யாரோ ஒரு பதிப்பாளரிடம் விற்காமல் கிடந்த கட்டுகளை மொத்தமாக வாங்கி, ஆளுக்கொன்று போட்டிருக்கிறார் பெண்ணின் அப்பா, புத்தகம் கொடுத்தால் கௌரவம் என்று. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பொழுது போகாமல், தேங்காயை மடியில் இறக்கி வைத்துவிட்டு எடுத்தால் ‘பக்கத்துப் பெட்டி’, அமலோற்பவம். அட, இதை நாம் பார்த்திருக்கிறோமே, ஆறு வருடம் முன்னால் மேசைக்கு வந்ததுதானே, ஒன்றும் தேறாத புத்தகம் என்றுதான் திறந்தார். தென்னூரில் இறங்க வேண்டியவர் எங்கேயோ ஊருக்கு வெளியே கண்டக்டர் விசில் ஊதி எழுப்பியபோது அறுபதாம் பக்கத்தில் இருந்தார். இறங்கி, வெயிலில், கையில் தேங்காயுடன், ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்றுகொண்டே இன்னும் இருபது பக்கம் படித்தார். பிறகு மூன்று கிலோமீட்டர் நடந்தார், நடந்ததே தெரியவில்லை. வீட்டுக்குள் வந்ததும் செண்பகத்திடம், “ஒரு எழுத்தாளரைக் கண்டுபிடிச்சிட்டேன்” என்று கத்தினார். “தேங்காய் எங்க?” என்று கேட்டாள் அவள். தேங்காய் புளியமரத்தடியிலேயே இருந்தது.

“வயசு சொல்லுங்க,” என்றது ஒலிபெருக்கி. கவுண்டரில் நின்ற பெண் குனிந்து, “நாப்பத்தஞ்சு” என்றாள், அதுவும் ஒலிபெருக்கியில் கேட்டது. அமலோற்பவத்தின் மைக் கண்ணாடித் துவாரத்தை ஒட்டியே இருந்ததால் வெளியே நிற்பவர்கள் பேசுவதும் சேர்ந்து கூடம் முழுக்க ஒலித்தது. “அய்யய்யோ, அம்பத்திரண்டு மேடம், ஆதார்ல அப்படித்தான் இருக்கு” என்று பக்கத்தில் நின்ற கணவன் போட்டு உடைத்தான், கூடமே சிரித்தது. அந்தப் பெண் அவனைப் பார்த்த பார்வையில் அவன் ஊர் போய்ச் சேர்வது சந்தேகம்தான். பூவராகனுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியானால் நான் பேசுவதும் எல்லாருக்கும் கேட்கும், என் தப்பு ஒலிபெருக்கியில் போகும், கூடவே நின்று சிரிப்பார்கள். போகட்டும், அச்சில் போட்டுத்தானே அவளை அவமானப்படுத்தினாய், அது மட்டும் எத்தனை ஆயிரம் பேருக்குக் கேட்டது. “எங்க. என்னைக்கு. எத்தன பேர்,” என்றாள் அவள் அடுத்த ஆளிடம். குரலைக் காதில் வாங்கியதும் அவருக்குப் புல்லரித்துவிட்டது. இதே ஓசைதான், புத்தகத்தில் அவள் வாக்கியங்கள் இப்படித்தான் இருக்கும், மூன்று சொல், நாலு சொல், நிற்கும், மறுபடி ஆரம்பிக்கும், வேண்டாத ஒரு சொல் கிடையாது. நாள் முழுக்க யாரோ ஒருவருக்குப் பதில் சொல்லி, பின்னால் நிற்கிற கூட்டத்துக்கும் சேர்த்து நேரத்தை மிச்சம் பிடித்து மிச்சம் பிடித்துக் கிடைத்த நடை அது. இதை யாராவது எழுதியிருக்கிறார்களா, இல்லை, நான்தான் எழுத வேண்டும், இரண்டு வரியில் இல்லை, இரண்டு பக்கம், நாலு பக்கம். ஆசிரியர் முறைத்தாலும் சரி. பதினான்கு பேர்.

என்ன எழுதினாய் அப்போது, சொல்லு, இங்கேயே சொல்லிப் பார். ‘தொடர்ச்சியில்லாத சம்பவங்கள். தாய் ரயிலிலிருந்து இறங்குகிறார். கதையும் அங்கேயே இறங்கிவிடுகிறது.’ ஒரு எழுத்து மறக்கவில்லை. மறக்காததற்குக் காரணம் வெட்கம் இல்லை, அப்போது அதில் அவருக்கு அத்தனை பெருமை. கதையும் இறங்கிவிடுகிறது, எப்படி விழுந்தது பார் என்று அலுவலகத்தில் படித்துக் காட்டினார், சிரித்தார்கள், லே-அவுட் செய்கிறவர் டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீயின் ருசிகூட நாக்கில் இருக்கிறது. அவருடைய படிப்பு முறை அப்படி, இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பல பேரின் முறையும் அதுதான், வாரத்துக்கு எட்டுப் புத்தகம் வந்தால் வேறு என்ன செய்வது என்று தங்களுக்குள் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். முன்னுரை, முதல் பாரம், அதாவது முதல் பதினாறு பக்கம், அதைத் தாண்டி நாலைந்து பக்கம், கடைசிப் பக்கம், பின்னட்டை, முடிந்தது. முதல் பாரத்தில் ஒரு தாய் இரண்டு பிள்ளைகளோடு விழுப்புரத்தில் மதுரை பாசஞ்சர் ஏறுகிறாள், விருத்தாசலம் ஜங்ஷனில் கூஜாவில் தண்ணீர் பிடிக்க இறங்குகிறாள், பதினாறாம் பக்கம் முடிகிறது. திருப்பினால் ஒன்பது வயதுப் பெண் இருபத்திரண்டு வயதாகி ரயில்வே பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள். கடைசிப் பக்கத்தில் அந்தத் தாய் சமையலறையில் மீன் அலசிக்கொண்டிருக்கிறாள். ரயிலை விட்டவள் எப்படி வந்தாள், எப்போது வந்தாள், ஒன்றும் இல்லை. எழுதத் தெரியாத அம்மாள் என்று முடிவு கட்டி மூடினார். திருப்பிய பக்கத்தின் எண் முப்பத்துமூன்று. பதினாறுக்கு அடுத்து முப்பத்துமூன்று வருமா என்று ஒரு கண் கீழே போயிருந்தால் போதும், போகவில்லை.

பாரம் மாறிப்போயிருந்தது. பைண்டிங்கில் இரண்டாவது பாரம் இருக்க வேண்டிய இடத்தில் மூன்றாவதை வைத்துத் தைத்திருந்தார்கள், இரண்டாவது அதற்குப் பின்னால் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. தாம்பூலப் பைப் பிரதியைப் படித்து முடித்த அன்று சாயங்காலமே பரணில் ஏறித் தன்னுடைய பழைய பிரதியைத் தேடியெடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அது தெரிந்தது. பதிப்பாளர் தாண்டவராயனுக்குப் போன் போட்டார். அவன் கூசாமல் சொன்னான், “பாரம் மாறுன காப்பியத்தான் சார் மதிப்புரைக்கு அனுப்புவோம். நல்ல காப்பி விக்கிறதுக்கு வேணும்ல? நீங்கல்லாம் எங்க முழுசாப் படிக்கப் போறீங்க.” கோபப்பட வாயைத் திறந்த பூவராகனுக்குக் கோபப்பட யோக்கியதை இல்லை என்பது நடுவழியில் ஞாபகம் வந்தது. “அந்தம்மாவோட அடுத்த புக்கும் எங்கிட்டத்தான் இருந்துச்சு சார், கையெழுத்துல, தடியா. உங்க ரெண்டு வரி வந்த வாரம் நேரா வந்து வாங்கிட்டுப் போயிருச்சு. திண்டுக்கல் ரிசர்வேஷன்ல இருக்கு, போய்ப் பாருங்க.” அடுத்த புக்கு. அந்த இரண்டு சொல்லில்தான் ஒரு மாதமாகத் தூக்கம் போனது. ஏனென்றால் ‘பக்கத்துப் பெட்டி’யில் ஒன்று சொல்லாமல் விடப்பட்டிருக்கிறது. தாயை விருத்தாசலத்தில் விட்டுவிட்டு வண்டி போய்விடுகிறது, பெண் தம்பியோடு திண்டுக்கல் வந்து சேர்கிறாள், அடுத்த வண்டி அன்றைக்கே இருந்தது, ஆனால் அம்மா வந்தது மூன்றாம் நாள். அந்த மூன்று நாளைப் பற்றி அம்மா வாயே திறக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை என்று ஒரே ஒரு வரி. எங்கே இருந்தாள் மூன்று நாள்? வண்டியைத் தவறவிட்டாளா, இல்லை வேண்டுமென்றே விட்டாளா? அடுத்த புத்தகம் அதுதான், அவருக்கு நிச்சயம். அதை அந்த மகள் எழுதி முடித்திருக்கிறாள், இவருடைய இரண்டு வரி அதைப் பெட்டிக்குள் தள்ளி மூடிவிட்டது. ஒன்பது பேர், மணி ஒன்று இருபத்தைந்து, பரவாயில்லை, வேகமாகத்தான் போகிறது.

“அண்ணே, பேனா இருக்குமா?” பின்னாலிருந்து ஒரு அம்மாள். கையில் படிவம், வேளாங்கண்ணிக்கு ஏழு பேராம், சுங்குடிச் சேலை, தோளில் பெரிய பை. கொடுத்தார். கொடுத்த பிறகுதான் உறைத்தது, என்ன காரியம் செய்தோம், படிவத்தின் முன்பக்கம் பஸ்ஸிலேயே யோசித்து வாசலில் எழுதியாயிற்று, ஆனால் பின்பக்கத்தில் எழுதத்தானே அந்தப் பேனா. திட்டம் அதுதான். வாய் வராவிட்டால் எழுத்து, பின்பக்கத்தில் இரண்டு வரி மன்னிப்பு, துவாரத்தில் நீட்டிவிட்டுத் தலையைக் குனிந்து நின்றுகொள்வது. ‘அம்மா, உங்கள் புத்தகத்தை நான் படிக்காமலே’, வேண்டாம், ‘பிழையான பிரதி எனக்கு வந்த காரணத்தால்’, அது தாண்டவராயன் தலையில் பழியைப் போடுவது, வேண்டாம். போன மாதம் ஒரு கடிதம் போட்டார் அவளுக்கு, தாண்டவராயனிடம் வாங்கிய முகவரிக்கு, ஆறு பக்கம், புகழ்ந்து புகழ்ந்து, கீழே ‘ஒரு வாசகன்’ என்று கையெழுத்து. பெயரைப் போடப் பயம், தன் முகவரியை மட்டும் போட்டார். ஒரு கார்டு வந்தது. ‘நன்றி. நான் எழுதுவதை நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது.’ அவ்வளவுதான். நிறுத்தினாள் சரி, எழுதியதை என்ன செய்தாள், எரித்திருப்பாளோ? எழுதுகிறவர்களுக்குக் கோபம் வந்தால் செய்வார்கள், குளியலறை வெந்நீர் அடுப்பில் ஒவ்வொரு தாளாக, ஐயோ, அந்த மூன்று நாள் வெந்நீராகப் போயிருக்குமோ. “அண்ணே, மாப்பிள்ளைக்கு வயசு முப்பத்தாறா முப்பத்தேழா?” என்றாள் பேனாக்காரி. “எனக்கெப்படிம்மா தெரியும்?” “இல்ல, சும்மா கேட்டேன், ஞாபகம் வரல.” நாலாவது பெயரில்தான் இருந்தாள்.

ஆனால் பார், பயந்து பயந்து நிற்கும்போதே உள்ளே ஒரு பக்கம் துள்ளிக்கொண்டே இருக்கிறது, அதை என்ன செய்ய. இந்த ஒரு புத்தகத்தால் பரண் முழுக்க இறங்கிவிட்டது. இருபத்திரண்டு வருடத்துப் புத்தகங்களையும் கூடத்தில் கொட்டி, முதல் பக்கத்திலிருந்து, எண் பார்த்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போலப் படிக்க ஆரம்பித்தார். செண்பகம் சமையலறைக்கு வழி மட்டும் கேட்டாள். நாற்பது படித்ததில் முப்பத்தாறு நிஜமாகவே தேறாது, தன் இரண்டு வரியே அதிகம் என்று தோன்றியது, அதில் ஒரு அற்ப சந்தோஷம். மீதி நாலு, அடடா, நாலு. ராஜபாளையத்தில் அழகு நிலையம் நடத்தும் ஒருத்தியின் நாவல், தலைமுடி வெட்டிக்கொள்ள வரும் பெண்கள் கண்ணாடியைப் பார்த்துப் பேசுவதே கதை. மின்வாரியத்தில் கம்பம் ஏறினவர் ஒருவரின் தன்வரலாறு, மேலேயிருந்து பார்த்த ஊர். இரண்டு கையும் போதாமல் எடுத்துவைத்தார். எங்கேயோ யாரோ, வேலைக்குப் போய் வந்து, உட்கார்ந்து, யார் கேட்டார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். அதை ஒரு ஆள் எடுத்துப் படித்து, ஐயா இங்கே ஒருவர் இருக்கிறார் என்று சத்தம் போட்டால் போதும். அந்த ஆள் நான்தான், அதற்குத்தானே இந்த நாற்காலி, இருபத்திரண்டு வருடம் அதில் உட்கார்ந்து பகடி பண்ணிக்கொண்டிருந்தேனே. பரவாயில்லை, அறுபத்தொரு வயது ஒன்றும் பெரிய வயசில்லை, இன்னும் பத்து வருடம் படிக்கலாம், கண் நன்றாகத்தான் இருக்கிறது. நாலு பேர். மூன்று. இப்போது ஒரே ஆள், மணி ஒன்று நாற்பத்தெட்டு. திரும்பிப் பேனாவுக்குக் கையை நீட்டினார். “ஒரே நிமிசம்ணே, கடைசிப் பிள்ளை பேரு மட்டுந்தான்,” என்றாள். முன்னால் நின்றவர் ஒரு டிக்கெட்டை ரத்து செய்யவே வந்தவர், சட்டென்று முடிந்துவிட்டது.

“அடுத்து,” என்றது ஒலிபெருக்கி. பூவராகன் வெறும் கையோடு, பின்பக்கம் வெள்ளையாக இருந்த படிவத்தைத் துவாரத்தில் நீட்டினார். திண்டுக்கல்லிலிருந்து விருத்தாசலம், ஒரு ஆள், ஆண், அறுபத்தொன்று. அவள் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு படித்தாள், விரல்கள் தட்டச்சுப் பலகை மேல் போய், தொடாமல் நின்றன. “பூவராகன்,” என்று வாசித்தாள். அந்தப் பெயரைக் கூடம் முழுக்கக் கேட்டார்கள், யாருக்கும் அது ஒன்றும் இல்லை, அவளுக்கும் அவருக்கும் மட்டும்தான். தலை நிமிர்ந்தது, இப்போதுதான் முதல் தடவையாக அவள் கண்ணைப் பார்த்தார். “விருத்தாசலத்துல யாரு சார் இருக்கா உங்களுக்கு?” “அங்க ஒரு அம்மா இறங்குனாங்க,” என்றார், அதுவும் ஒலிபெருக்கியில் போனது. அவள் முகம் மாறவில்லை. “இறங்குனாங்க. கதையும் அங்கேயே இறங்கிருச்சுன்னு எழுதுனீங்க. தொடர்ச்சியில்லாத சம்பவங்கள்னு எழுதுனீங்க,” என்று அவளும் ஒரு எழுத்து மறக்காமல் சொன்னாள். வரிசையில் எவனோ, “என்னப்பா நடக்குது அங்க, டிக்கெட் போடுங்கம்மா” என்றான். “தப்பா எழுதிட்டேன்மா,” என்றார் பூவராகன். “எனக்கு வந்த புக்குல பாரம் மாறியிருந்துச்சு, பதினேழாம் பக்கம் இருக்க வேண்டிய எடத்துல முப்பத்துமூணு இருந்துச்சு. அத நான் சாக்கா சொல்லல. பக்க நம்பரக்கூடப் பாக்காமத்தான் எழுதுனேன். போன மாசம் ‘ஒரு வாசகன்’னு லெட்டர் போட்டதும் நாந்தான். பேரு போடப் பயந்துகிட்டு.” சொல்லிவிட்டார், செண்பகம், சொல்லிவிட்டேன். பேனா இல்லாமலே.

அவள் படிவத்தைத் தட்டச்சுப் பலகைக்குப் பக்கத்தில் வைத்தாள். சுவர்க் கடிகாரத்தில் ஒன்று ஐம்பத்தொன்று. “இப்பப் படிச்சீங்களா?” “பதினோரு தடவ.” “பதினேழாம் பக்கத்துல என்ன இருக்கு?” என்று கேட்டாள், வயசு சொல்லுங்க என்று கேட்கிற அதே குரலில், ஆதார் அட்டையைக் காட்டு என்கிற மாதிரி. பூவராகனுக்குச் சிரிப்பு வந்தது, இந்த ஒரு கேள்வியை எவ்வளவு வேண்டுமானாலும் கேள் தாயே என்று இருந்தது. துவாரத்தின் பக்கம் குனிந்து, இரண்டு கையாலும் எவர்சில்வர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். ‘வண்டி நகர்ந்தது. நான் அழவில்லை. மடியில் தம்பி இருந்தான். நான் அழுதால் அவனும் அழுவான். இரண்டு பேர் அழுதால் பெட்டிக்கே தெரிந்துவிடும். ஜன்னலில் அம்மா கூஜாவோடு ஓடி வந்தாள். பிறகு ஓடவில்லை. நின்றாள். எதிர்சீட்டுக்காரர், அம்மா எங்கே பாப்பா என்றார். பக்கத்துப் பெட்டியில் இருக்காங்க என்றேன். அரியலூரில் ஒருத்தர் கேட்டார். பக்கத்துப் பெட்டி என்றேன். திருச்சியில் டிக்கெட் பரிசோதகர் கேட்டார். அவரிடமும் அதையே சொன்னேன். அம்மாவுக்குத் தலைவலி, அங்கே காற்று வரும், அதனால் போயிருக்கிறாள் என்று கூடக் கொஞ்சம் சேர்த்தேன். அவர் தம்பி கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். நான் சொன்ன முதல் கதை அதுதான். எல்லாரும் நம்பினார்கள்.’

குரல் அவருடையதுதானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது, உச்சியில் மாட்டியிருந்த பழைய ஒலிபெருக்கியிலிருந்து அது கணீரென்று வந்தது, கூடத்தில் மின்விசிறிச் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. அதட்டியவன்கூட அடங்கிவிட்டான். வெயில் தாழட்டும் என்று சுவரோரம் உட்கார்ந்திருந்த, வயசைக் குறைத்துச் சொன்ன பெண் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள், அவள் கணவன் வாயைத் திறந்தபடி பக்கத்தில். அமலோற்பவம் கண்ணாடியைக் கழற்றிச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தாள். ஆறு வருடமாக எவரும் அவளிடம் அவள் வரியைச் சொன்னதில்லை என்பது அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பூவராகனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள்தான் முதலில் தொண்டையைச் செருமிக்கொண்டு, “விருத்தாசலத்துக்கு டிக்கெட் போடவா, வேண்டாமா?” என்றாள். “போடுங்கம்மா. அந்த ஜங்ஷனப் பாக்கணும்.” விரல்கள் ஓடின, எந்திரம் கரகரத்தது. அப்போது அவர் தோளுக்குப் பின்னாலிருந்து பேனாக்கார அம்மாள் முண்டிக்கொண்டு வந்து துவாரத்தில் முகத்தை வைத்தாள். “பிள்ளைங்க ஊர் வந்து சேந்துச்சுகளா மேடம்?” “சேந்தோம்,” என்றாள் அமலோற்பவம். “சரி, அந்தத் தாயி என்ன ஆனா? நின்னுட்டாள்ல, அவ என்ன ஆனா?”

கேட்டாளே, கேட்டுவிட்டாளே, ஒரு மாதமாக அவர் நெஞ்சில் கிடந்து உருண்டதை இவள் ஏழு பேர் பெயர் எழுதிய கையோடு கேட்டுவிட்டாள். எரித்துவிட்டேன் என்று சொல்லிவிடாதே தாயே, அது ஒன்றை மட்டும் சொல்லிவிடாதே. “அம்மா மூணு நாள் கழிச்சு வந்தாங்க,” என்றாள் அவள். “மூணு நாளா? எங்க இருந்தாளாம் அம்புட்டு நாளு?” என்று வரிசையிலிருந்து இன்னொரு குரல். அதட்டினவனேதான். அமலோற்பவம் அவனைப் பார்த்தாள், வரிசையை ஒரு தடவை கடைசி வரை பார்த்தாள், பிறகு பூவராகனைப் பார்த்தாள், மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“அது ரெண்டாவது புத்தகம். எழுதி முடிச்சு வச்சிருக்கேன். வருது,” என்றது ஒலிபெருக்கி, கூடத்தின் நாலு மூலைக்கும். “சீக்கிரம் போடுங்க மேடம்,” என்றாள் பேனாக்காரி, என்னவோ அவளுடைய வேளாங்கண்ணி டிக்கெட்டைச் சொல்வது போல. பூவராகன் சிரித்துவிட்டார், வாய்விட்டு, அறுபத்தொரு வயசுக்காரர் பொது இடத்தில் சிரிக்கக் கூடாத அளவுக்கு. வருகிறது, அந்த மூன்று நாளும் வருகிறது, இந்தத் தமிழ்நாட்டில் அதற்காக நின்றுகொண்டிருக்கிறார்கள், நான் மட்டுமில்லை, இதோ ஒரு வரிசையே நிற்கிறது. டிக்கெட் துவாரத்தில் வந்தது. அதை எடுக்கப் போன அவர் விரலை ஒரு நிமிடம் நிறுத்துவது போல அவள் தாளின் மறுமுனையை விடாமல் பிடித்திருந்தாள். மற்றக் கையால் மைக்கை மூடிக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“இந்தத் தடவ மதிப்புரைக் காப்பிய நானே அனுப்புறேன் சார். பாரம் சரி பாத்து.”

விட்டாள். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டாள். “அடுத்து,” என்றாள்.